சட்டையைக் கழற்றாத சந்திரமௌலி

பம்பாய் மாட்டுங்காவில் அந்த நாளில் ஓர் ஆண்பிள்ளையின் மார்பு அவனுக்கு மட்டும் சொந்தமானதல்ல, ஊருக்கே பொது. காலையில் பால் வாங்கப் படியிறங்குகிறவர் வெற்றுடம்பு. பால்கனியில் நின்று பேப்பர் படிக்கிறவர் வெற்றுடம்பு. கோயிலுக்குள் போனால் சட்டையைக் கழற்ற வேண்டும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் கழற்ற வேண்டும், திவசத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் கேட்கவே வேண்டாம். எந்த வீட்டுப் பெண்ணின் முந்தானையாவது காற்றில் கொஞ்சம் விலகினால் முகத்தைச் சுளிக்கிற மாமாக்கள், தங்கள் தொப்பையையும் தொப்புளையும் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு நடப்பார்கள். அவர்களுக்கு அதில் துளி வெட்கம் கிடையாது. அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டு அதே தெருவில் ஒருவன் இருந்தான். அவன் பெயர் சந்திரமௌலி.

கோட்டைப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. ஒல்லியும் இல்லை, தடியும் இல்லை. முகம் லட்சணமாகவே இருக்கும். ஆனால் மே மாதத்துப் புழுக்கத்தில்கூட இறுக்கமான பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன். சட்டையில் இரண்டு பக்கமும் பை வைத்துத் தைக்கச் சொல்வான். ஒரு பையில் டைரியும் ரயில் பாஸும், மறு பையில் மடித்த காகிதங்களும் ஒரு சின்னப் பஞ்சாங்கமும் பிதுங்கும். ஆபீசில் அவனை எந்நேரமும் வேலையாக இருக்கிற ஆள் என்று நினைத்தார்கள். பைகளை அவன் அப்படி ரொப்பியதெல்லாம் சட்டை மார்போடு ஒட்டாமல் இருப்பதற்காகத்தான்.

அவனுக்குப் பதின்மூன்று வயதில் ஆரம்பித்தது இது. மார்பு இரண்டும் வீங்கி, தொட்டால் வலித்து, பிறகு வலி போய், வீக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பெண்குழந்தைகளுக்கு வருகிற மாதிரி. சில பையன்களுக்கு அந்த வயதில் அப்படி வருவதுண்டு, பலருக்கு வற்றிவிடும், சிலருக்குத் தங்கிவிடும், அது வியாதியும் இல்லை பாவமும் இல்லை என்று ஒரு டாக்டர் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். டாக்டரிடம் யார் போனார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு கூடத்துக்கு வந்தான். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்த அப்பா பஞ்சாபகேசன் அங்கே யாரோ இரண்டு பேரோடு காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடா இது, பொம்மனாட்டி மாதிரி! போ, மூடிண்டு வா. இனிமே என் எதிர்ல சட்டை இல்லாம வந்து நிக்காதே."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பஞ்சாபகேசனும் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆபீஸ் வம்பைத் தொடர்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மறந்தும் போயிருப்பார். பையன் மறக்கவில்லை. அன்றைக்குப் போட்ட பனியனை அவன் பிறர் எதிரில் கழற்றவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெருவில் அவனைப்போல் பக்தியுள்ளவன் இன்னொருவன் இருந்திருக்க மாட்டான். விடியற்காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஈரப் பனியனோடு நின்று நூற்றெட்டு காயத்ரி. வருஷா வருஷம் ஆவணி அவிட்டத்தன்று தாதர் கடையில் யாருக்கும் தெரியாமல் ஒரு பூணூல் வாங்கி, அதே குளியலறையில் தானே மந்திரம் சொல்லி மாற்றிக்கொள்வான். பாதி மந்திரம் ஞாபகம் இருக்கும். மீதிக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்வான். அடுத்த தெருக் கோயிலில் ராமநவமி உற்சவம் நடந்தால் செருப்புப் போடுகிற இடத்தோடு நின்றுவிடுவான். உள்ளே போக வேண்டுமானால் சட்டையைக் கழற்ற வேண்டுமே. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் முன்னால் நிற்கிறவர்களின் முதுகுதான் தெரியும். சுவாமி தெரியமாட்டார்.

ஊர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? கூட்டாக ஆவணி அவிட்டம் நடக்கிற மண்டபத்துக்கு அவன் வருவதில்லை. பந்தியில் உட்காருவதில்லை. கோயிலுக்குள் கால் வைப்பதில்லை. முப்பது வயது பிராமணப் பிள்ளை எதற்காகச் சட்டையைக் கழற்ற மறுப்பான்? மாட்டுங்காவுக்கு ஒரே ஒரு பதில்தான் தெரிந்தது. உள்ளே பூணூல் இல்லை, அறுத்துப் போட்டுவிட்டான், நாத்திகன் ஆகிவிட்டான். வேறு எந்த ஊராக இருந்தாலும் தேமலோ படையோ என்று நினைத்திருப்பார்கள். இங்கே நேராகப் பூணூலுக்குப் போய்விட்டார்கள்.

முதலில் இதைக் கேட்டபோது சந்திரமௌலிக்கு ரத்தம் கொதித்தது. படியிறங்கும்போது அவனுடைய பெரியப்பா பிள்ளை கோதண்டம் மறித்து, "ஏண்டா மௌலி, பேசிக்கறாளே, நெஜமா?" என்று கேட்டான். சந்திரமௌலி கழுத்துப் பட்டனைத் திறந்து பூணூலை வெளியே இழுத்துக் காட்டினான்.

கோதண்டத்துக்கு மகா சந்தோஷம். "அதானே பாத்தேன்! அப்புறம் என்ன? நாளைக்கு நம்மாத்துல சமாராதனை. சட்டையைக் கழட்டிட்டு வந்து முதல் பந்தியில உக்காரு. பேசினவா வாயெல்லாம் அடைஞ்சு போயிடும்."

சந்திரமௌலி போகவில்லை. போகாததோடு, அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டான். பூணூல் இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்கிறது. இருந்தால் ஏன் கழற்ற மாட்டேன் என்கிறாய் என்ற இரண்டாவது கேள்விக்கு இல்லை. முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவது வந்தே தீரும். நாத்திகன் என்றால் திட்டுவார்கள், ஆனால் சிரிக்கமாட்டார்கள். அவன் நாத்திகனாகவே இருந்துகொள்வதென்று முடிவு செய்தான். அடுத்த முறை யாரோ கேட்டபோது, "எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை இல்லை" என்றான். சொல்லும்போது நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. ராத்திரி அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். பேச்சு கோதண்டத்தின் காதுக்கும் போயிற்று; தான் பார்த்த பூணூலை அப்புறம் அறுத்துவிட்டான் என்று அவனும் நம்பிவிட்டான்.

ஒரு பொய் சொன்னால் அதற்கு வேலி கட்ட இன்னும் நாலு பொய் வேண்டியிருக்கிறது. அறுபத்தொன்றில் ஒரு வரன் வந்தது. காட்கோபரில் பெண். ஸ்கூல் டீச்சர். சந்திரமௌலி பெண்ணைப் பார்த்தான், அவளும் பார்த்தாள், அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. திரும்பி வருகிற ரயிலில் கல்யாணத்தை நினைத்துப் பார்த்தான். நாலு மணி நேரம் ஹோமப் புகையில், முன்னூறு பேர் எதிரில், பஞ்சகச்சமும் வெற்று மார்பும். கெட்ட கனவு கண்ட மாதிரி வியர்த்தது. வீட்டுக்கு வந்ததும், "ரெஜிஸ்தர் கல்யாணம்னா பண்ணிக்கறேன். சடங்கு, வாத்தியார் எதுவும் வேண்டாம்" என்றான். பெண் வீட்டார் அன்றைக்கே பின்வாங்கிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மறு தையில் கல்யாணம் ஆனது. வந்த அழைப்பிதழை டைரிக்குள் வைத்து ஒரு வருஷம் சட்டைப் பையிலேயே சுமந்தான்.

கதை இத்தோடு மாட்டுங்காவுக்குள்ளேயே நின்றிருந்தால் தேவலை. ரயில்வே கேட்டைத் தாண்டி தாராவி வரைக்கும் போயிற்று.

ஆபீசில் தபால் பிரிவில் தளவாய் என்று ஒரு பியூன் இருந்தான். திருநெல்வேலிக்காரன், தாராவியில் குடியிருப்பு, கறுப்புச் சட்டை இயக்கத்தில் ரொம்பப் பிடிப்பு. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சந்திரமௌலியின் மேஜைக்கு வந்து நின்றான். கண்ணெல்லாம் மரியாதை.

"சார், நீங்க எம்புட்டுப் பெரிய காரியம் செஞ்சிருக்கீய! எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. ஞாயித்துக்கெழம சாயந்தரம் எங்க படிப்பகத்துல ஆண்டு விழா. நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும்."

"நானா? நான் என்னத்தைப் பேசறது தளவாய்?"

"பூணூல அறுத்தது எப்படின்னு பேசுங்க சார். மாட்டுங்காவுக்குள்ள இருந்துக்கிட்டே செஞ்சிருக்கீயல்லா. எங்களுக்கு அது போதும்."

அந்தப் பூணூல் அப்போது பனியனுக்குள் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சந்திரமௌலிக்குத் தொண்டை வலி என்று சொல்லத்தான் வாய் வந்தது. தளவாய் விடவில்லை. பேச வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்றான். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான். மறுபடியும் அந்த இரண்டாவது கேள்வி. போனான். தகரக் கூரை போட்ட அறை. நூறு பேர் இருப்பார்கள். தோல் கிடங்கில் வேலை செய்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள். அவன் மேடையில் உட்கார்ந்து, கழுத்துப் பட்டனைத் தடவிப் பார்த்தபடியே இருந்தான். தளவாய் அவனைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசி, ஒரு சால்வையைப் போர்த்தினான். கூட்டம் கைதட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக நூறு பேர் அவனைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள், அதுவும் அவன் செய்யாத ஒரு காரியத்துக்காக. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சால்வையை வழியில் எங்கேயோ விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். செய்தி அவனுக்கு முன்னால் வந்திருந்தது. பஞ்சாபகேசன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை.

"ஊர்ல பேசினா. நான் நம்பலை. இப்போ மேடை போட்டு மரியாதை பண்ணியாச்சு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷம், ஒரே வீட்டில், இரண்டு அறைக்குள், அப்பா அவனோடு நேராகப் பேசவில்லை. "அகிலாண்டம், லைட் பில்லு வந்திருக்குன்னு சொல்லு" என்பார், அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். அம்மா அகிலாண்டம் திரும்பி, "லைட் பில்லு வந்திருக்காம்டா" என்பாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தாலும் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா சொல்லித்தான் அவன் மூடிக்கொண்டான். மூடிக்கொண்டதற்காகவே அப்பா அவனை ஒதுக்கினார். இதை அவன் எந்த நியாயஸ்தலத்தில் போய்ச் சொல்வது? சொல்வதானால் முதலில் பட்டனைக் கழற்ற வேண்டும்.

அறுபத்தாறு ஜூனில், மழை இறங்கின வாரம், பஞ்சாபகேசன் படுக்கையில் விழுந்தார். இருதயம் பலவீனம் என்றார்கள். பார்க்க வந்தவர்கள் நிறைந்திருந்த ஒரு நாள், கோதண்டத்தைப் பக்கத்தில் கூப்பிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, "எனக்கு நீதாண்டா கொள்ளி போடணும். பூணூல் இல்லாதவன் கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார். சந்திரமௌலி சமையலறையில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது. ஒரே பிள்ளை. அப்பாவுக்குச் செய்ய வேண்டிய கடைசிக் காரியமும் அவன் கையை விட்டுப் போகப் போகிறது. வெந்நீர் கொதித்து வழிந்து ஸ்டவ்வை அணைத்தது. அவன் அணைந்த ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். சந்திரமௌலி கட்டிலருகில் போய் நின்றான். இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை. சட்டையைக் கழற்றி, பனியனையும் கழற்றி, இதோ பூணூல், இதோ இதனால்தான் என்று இரண்டையும் ஒரேயடியாகக் காட்டிவிடலாம். கழுத்துப் பட்டனைத் திறந்தான். அடுத்ததையும் திறந்தான். பனியன் விளிம்பு கையில் பட்டது. அப்பா கண்ணைத் திறந்தார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவனைப் பார்த்து நேராகக் கேட்டார். "என்னடா?"

பதின்மூன்று வயதுப் பையனாகிவிட்டான் சந்திரமௌலி. கூடத்தில் துண்டோடு நிற்கிற பையன். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

"ஒண்ணுமில்லேப்பா. புழுக்கமா இருக்கு."

"ஃபேனைப் போட்டுக்கோ" என்றார் அப்பா.

அவன் ஃபேனைப் போட்டான். இரண்டு பட்டனையும் மாட்டிக்கொண்டான். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவர் போய்விட்டார்.

வீடு நிரம்பியது. படிக்கட்டு முழுக்கக் குடைகள். கோதண்டம் பாவம், நல்லவன்தான், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேஷ்டியோடு தயாராக நின்றான். வேம்பு வாத்தியார் தர்ப்பையைப் பிரித்தபடி, "யாரு கர்த்தா?" என்று கேட்டார். கோதண்டம் முன்னால் வந்தான்.

"நான் பண்றேன்" என்றான் சந்திரமௌலி.

யாரோ ஒரு மாமா, "நீ எப்படிப்பா? பெரியவர் வாக்கு இருக்கே. பூணூல் இல்லாதவன் பண்ணப்படாது" என்றார். சந்திரமௌலி கழுத்துப் பட்டனைத் திறந்து பூணூலை எடுத்து வெளியே போட்டான். புதுசு இல்லை, போன ஆவணியில் மாற்றினது, பத்து மாத வியர்வையில் பழுப்பேறியிருந்தது. பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியாருக்கு இந்த வம்பெல்லாம் வேண்டாம். நாழியாகிறது, மழை வேறு.

"இருக்கோன்னோ? சரி. சட்டையைக் கழட்டு. க்ஷவரம் பண்ணிண்டு, ஸ்நானம் பண்ணிட்டு ஈரத்தோட வா."

"மேல்வேஷ்டியைப் போத்திக்கலாமா?"

"போத்திக்கப்படாது. இடுப்புல கட்டிக்கோ."

பின்பக்கத்து வராந்தாவில் நாவிதர் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். தாராவியிலிருந்து வருகிறவர், வெயிலுமுத்து என்று பெயர், அந்தத் தெருவில் எல்லாச் சாவுக்கும் அவர்தான். சந்திரமௌலி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சட்டையைக் கழற்றினான். பனியனைக் கழற்ற முடியவில்லை. வியர்வையில் ஒட்டியிருந்தது. வெயிலுமுத்து எழுந்து, குழந்தைக்குக் கழற்றுகிற மாதிரித் தலைவழியாக உருவிப் போட்டார். காற்று மார்பில் பட்டது. அவன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

தலையைச் சிரைத்தாயிற்று, முகமும் ஆயிற்று. "கையத் தூக்குங்க சாமி" என்றார் வெயிலுமுத்து.

"எனக்கு இது... இப்படி இருக்கு" என்றான் சந்திரமௌலி. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதைப் பற்றி ஒரு மனுஷனிடம் பேசினான்.

"எது?" என்றார் அவர். கேலி இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பிறகு கையைத் தானே தூக்கிவிட்டு, மார்பின் தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து, வேலையைப் பார்த்தார்.

ஈர வேஷ்டியோடு கூடத்துக்கு வந்தான். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பெண்கள் பக்கத்தில் ஒரு மாமி பட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் நின்ற இரண்டு இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார்கள். அவன் எத்தனை வருஷமாகப் பயந்தானோ அது அப்படியே நடந்தது. ஆனால் அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. வாத்தியார், "பூணூலை இடம் மாத்திக்கோ" என்றார். மாற்றிக்கொண்டான். அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். துணிகளைக் களைந்து, நாலு பேர் பிடித்துத் தூக்க, அவன் தலைமாட்டில் உட்கார்ந்து தண்ணீர் விட்டான். அப்பாவை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. விலா எலும்பு தெரிகிற, வற்றிப்போன, வெறும் ஒரு உடம்பு. இதற்கா இத்தனை பயந்தோம் என்று தோன்றி, உடனே அப்படித் தோன்றியதற்காக அழுகை வந்தது.

மயானத்தில் மழை விட்டிருந்தது. குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்து, கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தபோது, கோதண்டம் பக்கத்தில் வந்தான். அவன் கண் சந்திரமௌலியின் மார்பில் ஒரு தரம் போய், முகத்துக்கு வந்தது.

"இதுக்காடா?" என்றான். "இதுக்காகவாடா இத்தனை வருஷம்?" குரல் உடைந்துவிட்டது. சந்திரமௌலிக்கு அவன் மேல் கோபம்தான் வந்தது. சுமந்தது அவனா என்ன?

கர்த்தா பத்து நாளும் சட்டை போடக்கூடாது. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் எதிரில் வெற்றுடம்போடு உட்கார வேண்டும். முதல் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் கை வலித்தது. ஐந்தாம் நாள் பேச்சு சுவாரஸ்யத்தில் கையை இறக்கியதை அவனே கவனிக்கவில்லை. வந்தவர்களில் சிலர் உற்றுப் பார்த்தார்கள், சிலர் பார்க்காத மாதிரி பார்த்தார்கள், பலருக்கு அவரவர் மூட்டுவலியும் பிள்ளையின் வேலையும்தான் பெரிசாக இருந்தது.

ஆறாம் நாள் ஆபீசிலிருந்து தளவாய் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் பார்வை மார்பில் நிலைகுத்தி நின்றது. சந்திரமௌலிக்கு உடம்பு கூசியது. கை தானாக மேலே வந்தது.

"சார்," என்றான் தளவாய், "பூணூல் கெடக்கு!"

மார்பை அவன் பார்க்கவே இல்லை.

"எப்பவும் இருந்தது தளவாய். நான் அறுக்கவே இல்லை. உங்களை ஏமாத்திட்டேன்."

"அப்ப ஏன் சார் நீங்க..." என்று ஆரம்பித்தான். அந்த இரண்டாவது கேள்வி. இருபத்திரண்டு வருஷமாக எதற்குப் பயந்து ஓடினானோ அது.

"இதைப் பாக்கலியா?" என்று சந்திரமௌலி தன் மார்பைக் காட்டினான். "இது வெளியில தெரிஞ்சா சிரிப்பாளேன்னுதான் சட்டையைக் கழட்டலை. வேற ஒண்ணுமில்லை."

தளவாய் பார்த்தான். "எங்க பக்கம் மூட்ட தூக்குதவங்கள்ல பாதிப் பேருக்கு இப்படித்தான் சார் கெடக்கு," என்றான். "அவம் என்ன செய்வான்? சட்ட வாங்கக் காசிருந்தா அவனும் மூடியிருப்பானோ என்னமோ." அப்புறம் அவன் குரல் மாறியது. "ஆனா நூறு பேரு கைதட்டினாவல்ல சார். அவ்வோகிட்ட நான் என்னத்தப் போய்ச் சொல்ல?"

தளவாய் காப்பி சாப்பிடாமல் போனான். ஆபீசில் பிறகு பேசினான், ஆனால் பழைய மரியாதை திரும்பவே இல்லை.

ஒன்பதாம் நாள் சாயந்தரம் வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. அகிலாண்டம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பத்து. தாலியைக் கழற்றப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அன்னிக்கு நான் ரேஷனுக்குப் போயிருந்தப்போ, நீ அவர் கிட்ட போய் நின்னியாமே. ரெண்டு பட்டனைக் கழட்டினியாமே."

"அப்பா சொன்னாரா?"

"ராத்திரி சொன்னார். 'காட்டப் போறான்னு நெனச்சேண்டி. கண்ணைத் தொறந்துண்டு காத்துண்டிருந்தேன். மறுபடியும் மாட்டிண்டுட்டான்'னார். 'அவன் ஏண்டி கழட்டமாட்டேங்கறான், உனக்குத் தெரியுமோ'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னேன்."

"உனக்குத் தெரியுமாம்மா?"

அகிலாண்டம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உன் பனியனைத் தோய்ச்சு உலர்த்தறவ நான்தானேடா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"சொல்லியிருக்கலாமேம்மா! ஒரு வார்த்தை. மூணு நாள் இருந்ததே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" அவன் கத்திவிட்டான். இழவு வீட்டில் கத்தக்கூடாது என்பதெல்லாம் தோன்றவில்லை.

"எப்படிடா சொல்றது? வளர்ந்த பிள்ளையோட மார்பைப் பத்தி ஆம்படையான்கிட்ட எந்த வாயால சொல்றது? வெக்கமா இருந்தது. சாகப்போற மனுஷர்னு தெரியும். அப்பவும் வெக்கமா இருந்தது."

அவன் அழுதான். அப்பா போனதிலிருந்து முறைக்காக அழுததெல்லாம் வேறு, இது வேறு. தோள் குலுங்க, மார்பு குலுங்க, எதையும் மூடிக்கொள்ளாமல் அழுதான். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. துக்கம் கேட்க யாரோ ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அகிலாண்டம் அவசர அவசரமாக எழுந்து, கொடியிலிருந்து ஒரு துண்டை இழுத்துக்கொண்டு வந்து அவன் தோளில் போடப் போனாள்.

"வேண்டாம்மா" என்றான்.

"யாரோ வராடா."

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு, முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு, சந்திரமௌலி தானே எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.